ஒரு சாண் தாழ்வாக

ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறேன். பாயைச் சுருட்டிச் சுவரில் சாய்த்து வைக்கிறேன். பல் தேய்க்கிறேன். பால் பொங்கும்வரை அடுப்பின் அருகிலேயே நிற்கிறேன். காபி குடிக்கிறேன். இரண்டு தோசை சுட்டு, பொடி தொட்டுத் தின்கிறேன். கல்லைக் கழுவிக் கவிழ்க்கிறேன். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடுகிறேன். கேஸை அணைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கும். ஆனாலும் வெளியே போகத் திரும்பும்போது என் கை தானாக நீண்டு, குமிழை இன்னொரு தடவை தொட்டுவிட்டு வருகிறது.

அது என் பழக்கம் அல்ல. பெனினாவுடையது. விமானத்தில் எரிபொருள் திருகைத் திருப்பிய பிறகு அவள் அதை ஒரு தடவை தொட்டுப் பார்ப்பாள்.

பெனினா என் மனைவி. டெங்குக் காய்ச்சலில் இறந்தாள். ஒன்றரை வருடம் ஆகிறது. அவளுடைய கை என்னிடம் இருக்கிறது.

கை என்று சொல்வது பேச்சுக்கு. பதிவு என்பதுதான் சரி. விமானம் ஓட்டப் பயில்கிறவர்கள் தலையில் வலை போன்ற ஒரு தொப்பியைப் போட்டுக்கொள்கிறார்கள். எந்த நேரத்தில் கை எவ்வளவு இழுக்கிறது, கால் எவ்வளவு அழுத்துகிறது, அதற்கு முன் மூளையில் எது எரிந்து அணைகிறது எல்லாம் பதிவாகிறது. அதை இன்னொருவருக்குப் போட முடியும். ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த ஒரு கேப்டன் செத்துப்போனால் அவருடைய கை ஒரு புதுப் பையனுக்குப் போகிறது. விமானக் கம்பெனிகள் இப்போது கை உள்ளவர்களைத்தான் முதலில் கூப்பிடுகின்றன. அதனால் விமானியின் சாவு வீட்டுக்குப் பந்தல்காரர்களோடு சேர்ந்து கம்பெனி ஆட்களும் வருகிறார்கள். நல்ல சட்டை போட்டிருப்பார்கள். ஓரமாக நிற்பார்கள்.

எங்கள் வீட்டுக்கு ஒரே ஒருவர்தான் வந்தார். பெனினா அதிகம் பறந்தவள் அல்ல. பயிற்சி முடித்து, சரக்கு விமானக் கம்பெனி ஒன்றில் நான்கு மாதம் வேலை பார்த்திருந்தாள். பதிவு பயிற்சிக் காலத்தில் எடுத்தது. சந்தையில் அதற்குப் பெரிய மதிப்பில்லை என்று அவரே சொன்னார். ஆனால் சட்டப்படி அது எனக்கு வந்திருக்கிறது, வேண்டாம் என்றால் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார்.

"நானே போட்டுக்கிடலாமா?" என்று கேட்டேன்.

"நீங்க பைலட்டா சார்?"

"இல்ல. கண்ணு செக் பண்ணுதேன். கோவில்பட்டியில கண்ணாடிக் கடை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "போட்டுக்கலாம். ஆனா பறக்கப் போறவங்களுக்குத்தான் போடுவாங்க. அப்ப நீங்க பயிற்சிக்குச் சேரணும்."

சேர்ந்தேன். விமானி ஆக வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்ததில்லை. அவள் கையை வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கடையைக் கூட்டாளி முத்தரசனிடம் விட்டேன். அவன் சிரித்தான். "ஏலே ஜெபசிங், பவர் எழுதிக் குடுக்கதுக்கே பத்துத் தடவ 'இது தெளிவா, அது தெளிவா'ன்னு கேப்ப. வானத்துல போயி யாருகிட்டலே கேக்கப் போற?" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, என் நாற்காலியைத் துடைத்து ஓரமாகப் போட்டான். "இது இங்கயே கெடக்கும். வரும்போது வா" என்றான்.

பதிவைப் போட்டது மதுரையில். மூன்று மாதம், வாரத்துக்கு நான்கு நாள். இருட்டான அறையில் விமானத்தின் பிடியைப் பிடித்துக்கொண்டு தொப்பியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே இருந்த டெக்னீஷியன் பெண்ணிடம் முதல் நாளே கேட்டேன்.

"இதுல அவ ஞாபகம் எதுவும் வருமா?"

"வராது சார். ஞாபகம் வேற, பழக்கம் வேற. உங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும்ல? எப்படி விழாம ஓட்டுறீங்கன்னு கேட்டா சொல்ல முடியுமா?"

"முடியாது."

"அதுதான் இதுல இருக்கு. சொல்லத் தெரியாதது மட்டும்."

"எனக்குப் போட்டப்புறம் பதிவை என்ன செய்வீங்க?"

"அழிச்சிருவோம். ஒரு பதிவு, ஒரு ஆளு. பத்துப் பேருக்கு ஒரே கை இருந்தா பத்துப் பேரும் ஒரே தப்பைப் பண்ணுவாங்க."

"அவ கையில தப்பு இருக்குமா?"

"மனுசக் கைதானே சார்." தொப்பியை என் தலையில் அழுத்தி வைத்தாள். "இன்னொண்ணு. நீங்களா ஒரு விஷயத்தைப் புதுசாப் பழகினா, அந்த இடத்துல பழசு போயிரும். மேல எழுதின மாதிரி. திரும்பி வராது. அதனால போட்டதுக்கப்புறம் வம்பு பண்ணாம அது போற போக்குல விட்டுருங்க."

அழித்த அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். திரையில் ஒரு கோடு இருந்தது. பிறகு இல்லை. அதற்குப் பின் பெனினாவின் கை என்னிடம் மட்டும்தான் இருந்தது.

விமானப் பள்ளி கயத்தாறு பக்கம். பொட்டல் காட்டில் ஓர் ஓடுதளம், இரண்டு கொட்டகை, சுற்றிலும் காற்றாலைகள். பெனினா படித்த இடமும் அதுதான். எனக்குக் கற்றுக்கொடுக்க வந்தவள் சுலைகா. மேலப்பாளையத்துக்காரி. பெனினாவோடு ஒன்றாகப் படித்து, ஒன்றாக அதே சரக்குக் கம்பெனியில் வேலை பார்த்து, பிறகு இங்கேயே திரும்பி வந்துவிட்டவள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். எங்கள் கல்யாணத்தில் பந்தியில் பாயசம் பரிமாறினாள்.

"அண்ணே, முதல்லயே சொல்லிருதேன். தரையில நீங்க எனக்கு அண்ணன். மேல போயிட்டா நீங்க ஒரு ஸ்டூடண்ட். ஏசுவேன். கண்ணு கலங்கக் கூடாது."

"சரி."

"இந்த மூஞ்சியில கண்ணு கலங்குமான்னே தெரியல" என்று முணுமுணுத்துக்கொண்டு ஏறினாள்.

விமானம் ஓடத் தொடங்கியதும் என் கைகளுக்கு வேலை தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. நான் நினைப்பதற்கு முன்பே வலது கால் சற்று அழுந்தியது. பிடி நெஞ்சுப் பக்கம் மெதுவாக வந்தது. காற்றாலைகள் கீழே இறங்கின. திரும்பும்போது பெனினாவின் கை பிடியை இறுக்கவே இல்லை. இரண்டு விரல்களால், டம்ளரை ஏந்துவதுபோல் பிடித்திருந்தது.

சுலைகா என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தரையிறங்குவதில்தான் கோளாறு. ஓடுதளத்தைத் தொடுவதற்குச் சற்று முன் மூக்கைக் கொஞ்சம் தூக்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் மெல்லப் படும். என் கை தூக்கியது. ஆனால் ஒரு கணம் தாமதமாகத் தூக்கியது. விமானம் தரையில் அறைந்தது. பல் கிட்டித்தது.

"அண்ணே, ரன்வே ஓடிப்போவாது. அங்கயேதான் கெடக்கும். அதை அறைய வேண்டாம்."

மறுநாளும் அறைந்தோம். அந்த வாரம் முழுவதும் அறைந்தோம். டீக்கடையில் மற்ற மாணவர்கள் எங்களைக் கண்டதும் மேஜையைத் தட்டி விமானம் இறங்கும் சத்தம் போட்டார்கள். அவர்கள் எல்லோருக்கும் பெரிய கேப்டன்களின் கைகள். "உனக்கு யாரு?" "மும்பைக்காரர். ஹார்ட் அட்டாக். உனக்கு?" என்று சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். ஒருநாள் என்னிடமும் கேட்டார்கள்.

"உங்களுக்கு யாரு சார்?"

"என் மனைவி."

அதற்குப் பிறகு யாரும் மேஜையைத் தட்டவில்லை.

காரணத்தை நான்தான் கண்டுபிடித்தேன். அது என் பழைய தொழில். கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளப்பதுதான் கண்ணாடி பொருத்துவதில் பாதி வேலை. பெனினா குள்ளம். அவளை நான் முதலில் பார்த்ததே என் கடையில்தான். விமானப் பள்ளியில் சேர்வதற்குக் கண் சான்றிதழ் வாங்க வந்தாள். பரிசோதித்துவிட்டு, "கண்ணு நல்லா இருக்கு. உயரம்தான் கம்மி. சீட்டுல ஏதாவது போட்டு உக்காருங்க" என்றேன். "நான் உங்ககிட்டக் கண்ணைத்தான் காட்ட வந்தேன்" என்றாள். அடுத்த வருடம் கல்யாணம்.

நான் ஆறடி. அவள் கை, அவள் கண்ணுக்குத் தெரிந்த ஓடுதளத்தை வைத்துப் பழகியது. என் கண் ஒரு சாண் மேலே இருக்கிறது. அவள் பார்த்த அதே காட்சி எனக்குத் தெரியும்போது விமானம் ஒரு சாண் கீழே வந்திருக்கும். கை தாமதிக்கவில்லை. என் கண்தான் தப்பான இடத்தில் இருந்தது.

அடுத்த முறை ஏறியதும் சீட்டைக் கடைசிவரை தாழ்த்தினேன். அது போதவில்லை. முதுகைச் சறுக்கி, முழங்கால்கள் பிடியில் இடிக்கும்வரை இறங்கி உட்கார்ந்தேன்.

"என்ன செய்யுதீங்க? தூங்கப் போறீங்களா?"

"பாரு."

முன்னால் விமானத்தின் மூக்கு மலைபோல் எழுந்து நின்றது. அதற்கு மேல் விளிம்பில் கொஞ்சம் வானம், கொஞ்சம் ஓடுதளம். இவ்வளவுதான் தெரிந்திருக்கிறது அவளுக்கு. இதை வைத்துக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறாள்.

இறங்கினோம். கை தூக்கியது. சத்தமே இல்லை. சக்கரம் எப்போது தொட்டது என்று எனக்குத் தெரியவில்லை. வேகம் குறைந்த பிறகுதான் தரையில் ஓடிக்கொண்டிருக்கிறோம் என்று புரிந்தது.

சுலைகா எஞ்சினை அணைத்தாள்.

"அவதான்" என்றாள். "ஏளா பெனி." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. என் கையைப் பார்த்துச் சொன்னாள்.

அன்றிலிருந்து அப்படியே ஓட்டினேன். நாள் தவறாமல் ஏறி, சறுக்கி உட்கார்ந்து, அவள் உயரத்துக்கு வந்து, அவளை ஒரு தடவை தரையிறங்க விட்டேன். மற்ற நேரமெல்லாம் நான் எதையும் உணர்ந்ததாக நினைவில்லை. அந்த ஒரு கணம் மட்டும் உள்ளே ஏதோ அசைந்தது.

சுலைகா ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு சொன்னாள்.

"இப்படி உங்களைத் தனியா விட மாட்டேன் அண்ணே. முன்னால ஒண்ணும் தெரியல உங்களுக்கு. முழங்கால் இடிச்சு ஒருநாள் பிடி திரும்பாமப் போவும். நிமிந்து உக்காந்து, உங்க கண்ணுக்கு ஏத்த மாதிரி புதுசாப் பழகணும்."

"பழகினா அவ கை போயிரும்."

"மத்ததெல்லாம் இருக்கும். திரும்புறது, ஏறுறது. இறங்குறது மட்டும்தான் போவும்."

"அதுதான் அவ."

சுலைகா கயிற்றை எடுத்து விமானத்தின் இறக்கையைத் தரையோடு கட்டத் தொடங்கினாள். நான் மறுபக்கம் கட்டினேன்.

பள்ளிக்கூட முதலாளி தண்டபாணி கோயம்புத்தூர்க்காரர். நல்ல மனிதர், எல்லாரையும் தோளில் கை போட்டுப் பேசுவார். விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. ஆபீஸுக்குக் கூப்பிட்டு இளநீர் கொடுத்தார்.

"பாருங்க தம்பி, நீங்க ஏனுங்க கஷ்டப்படோணும்? சென்னையில பெருசா ஒரு ஹால் தொறக்கறேன். தரையிலயே விமானம். சிமுலேட்டருங்க. நீங்க அங்க வந்து உக்காருங்க. உங்க சம்சாரம் உயரத்துக்குச் சீட்டை அடிச்சே குடுத்தர்றேன். மயில் குறுக்க வராது, காத்து தள்ளாது. நெதம் நீங்க இறக்கலாம். சனங்க வந்து பார்ப்பாங்க. புருசன் கையில பொண்டாட்டின்னு ஒரு கதை இருக்குதுல்லங்க, அதுக்கே கூட்டம் வரும்."

"பறக்க வேண்டாமா?"

"எதுக்குங்க பறக்கறது? பறந்தா மாத்தோணும். இங்கன்னா காலம்பூரா அந்தத் தங்கச்சி கை உங்ககிட்டயே இருக்கும். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றியது. நான் விமானி ஆக வந்தவன் அல்ல. அடுத்த திங்கள்கிழமை சரி என்று சொல்லிவிடுவதாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து அத்தை வந்தார். பெனினாவின் அம்மா. பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் மீன் குழம்பைத் தூக்குச் சட்டியில் கொண்டுவருவார். வழக்கமாக நான் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அன்று சாப்பிட்டுக் கை கழுவியதும், "மாப்பிள்ளை, அந்தக் கையக் கொஞ்சம் காட்டுங்க" என்றார்.

நீட்டினேன். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். திருப்பிப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினார். நகத்தைப் பார்த்தார்.

"இது உங்க கைதான்" என்றார்.

"ஆமா அத்தை."

"நான் ஏதோ நெனச்சிட்டு வந்தேன்." ஆனாலும் விடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். "நகம் வெட்டுங்க. சாப்பிடுத கை" என்றார்.

திங்கள்கிழமை காலை, ஆபீஸ் திறப்பதற்கு முன் ஒரு தடவை பறந்துவிடலாம் என்று சுலைகா சொன்னாள். சறுக்கி உட்கார்ந்தேன். ஏறி, சுற்றி, இறங்க வந்தோம். எல்லாம் எப்போதும்போல் இருந்தது. மூக்கு, வானத்தின் விளிம்பு, ஓடுதளத்தின் தூரத்து நுனி. கை தயாராகக் காத்திருந்தது.

"விடுங்க! நான் எடுக்கேன்!"

பிடி என் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. எஞ்சின் அலறியது. விமானம் மேலே எகிறியது. ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். ஓடுதளத்தின் நடுவில் ஆண் மயில் ஒன்று தோகையை இழுத்துக்கொண்டு நடந்தது. அதற்குப் பின்னால் நான்கைந்து. நான் எதையும் பார்த்திருக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்த சுலைகா பார்த்திருந்தாள்.

அவளே இறக்கினாள். கொட்டகை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தாள்.

"செத்திருப்போம்" என்றாள். "எம்புள்ளைக்கு மூணு வயசு."

"மன்னிச்சுக்கோ."

"நீங்க இல்ல, தப்பு என்னோடது. என்னைக்கோ நிறுத்தியிருக்கணும். நான்தான் விட்டேன். ஏன் விட்டேன்னு கேளுங்க."

அவளே சொன்னாள்.

"பெனி ஏன் சீட்டுல ஒண்ணும் போட மாட்டான்னு உங்களுக்குத் தெரியுமா? கோர்ஸ்ல ரெண்டாவது வாரத்துல கூடப் படிச்ச பயலுவ சலூன் கடையில சின்னப் பிள்ளைக்கு நாற்காலியில வைப்பாங்கல்ல பலகை, அதைத் தூக்கிட்டு வந்து அவ சீட்டுல வச்சிட்டானுவ. பேரும் எழுதி. எல்லாரும் நின்னு சிரிச்சானுவ. பலகையைத் தூக்கித் தூர எறிஞ்சா. அதுக்கப்புறம் கோர்ஸ் முடியுற வரைக்கும் குழியில உக்காந்த மாதிரிதான் ஓட்டினா. உங்ககிட்ட இருக்கது அந்தக் கை."

"தெரியும்."

"மிச்சம் தெரியாது." மூச்சு விட்டாள். "கம்பெனியில சேந்து ரெண்டாவது மாசம், வேலைக்குப் போற பிளேன்ல என்ன வீம்புன்னு அவளுக்கே தோணிட்டு. ஒருநாள் கைப்பையில ஒரு குஷன் கொண்டு வந்தா. நீலப் பூ போட்டது. வீட்டு சோபாவுல உருவினது."

எங்கள் சோபாவில் மூன்று குஷன்கள் உண்டு. ஒன்றைக் காணவில்லை. பூனை இழுத்துப் போயிருக்கும் என்று பெனினா சொன்னாள். அந்தத் தெருவில் பூனை கிடையாது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

"என்கிட்டச் சொல்லல" என்றேன்.

"எப்படிச் சொல்லுவா? 'நான் அப்பவே சொன்னேன்ல'ன்னு நீங்க சொல்லுவீங்களாம். அதைக் கேக்கதுக்குக் குள்ளமாவே இருந்துக்கிடலாம்னா." சுலைகா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "குஷனைப் போட்டதும் அவளுக்கும் எல்லாம் தப்பாப் போச்சு. லேட்டாத் தூக்கித் தொப்புனு விழுவா. ரெண்டு வாரம் உங்களை மாதிரியேதான் அறைஞ்சா. கேப்டன் ஏசுவாரு. இறங்கி வந்து என்கிட்ட அழுவா. அப்புறம் புதுசாப் பழகிட்டா. அந்தக் கையைத்தான் யாரும் பதிவு பண்ணல."

கொட்டகைத் தகரத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"எனக்கு அந்தப் பழைய கையத்தான் புடிக்கும் அண்ணே. நாங்க ரெண்டு பேரும் பிள்ளைங்களா இருந்தப்ப உள்ளது. நீங்க சறுக்கி உக்காந்து இறக்கும்போதெல்லாம் அவ எம்பக்கத்துல உக்காந்திருந்தா. சொன்னா நீங்க நிமிந்துருவீங்கன்னு சொல்லல."

நான் இறங்கி ஆபீஸுக்குப் போனேன். தண்டபாணியிடம் சென்னைக்கு வரவில்லை என்றேன். இளநீரை அவர் நான் போவதற்கு முன்பே வெட்டி வைத்திருந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அன்று மாலை சீட்டை உயர்த்தினேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன். விமானத்தின் மூக்குக்கு அப்பால் ஓடுதளம் முழுவதும் தெரிந்தது. வெள்ளைக் கோடுகள், ஓரத்துப் புல், காற்றின் திசை காட்டும் துணிப்பை, கொட்டகை நிழலில் படுத்திருந்த நாய், நெடுஞ்சாலையில் போகும் லாரிகள். இதையெல்லாம் அவளும் கடைசி இரண்டு மாதம் பார்த்திருக்கிறாள், நீலப் பூ குஷன்மேல் உட்கார்ந்து.

பழகுவதற்கு நாளாயிற்று. இறங்கும்போது அவள் கை காத்திருக்கும். நான் அதற்கு முன்னால் இழுக்க வேண்டும். முதலில் இரண்டு கைகள் ஒரே பிடியைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. விமானம் தத்தியது. சுலைகா ஏசினாள். "அதை விடுங்க, நீங்க இழுங்க. நீங்க!" என்று கத்துவாள். பிறகு பெனினாவின் கை தயங்கத் தொடங்கியது. பிறகு இடையிடையே மட்டும் வந்தது, தூக்கத்தில் புரளும்போது பக்கத்தில் இருப்பவர்மேல் கை பட்டு விலகுவதுபோல.

ஒருநாள் காலையில் இறங்கி வந்தபோது சக்கரம் மெல்லப் பட்டது. அவள் கை இல்லை. நான்தான் இறக்கியிருந்தேன். ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"போயிட்டாளா?" என்று சுலைகா கேட்டாள்.

"ம்."

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். தலையில் மாட்டியிருந்த ஹெட்செட்டைக் கழற்றிச் சீட்டில் வைத்தாள். "அப்ப நீங்க தனியாப் போயிட்டு வாங்க" என்றாள்.

தனியாகப் போனேன். பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது. சுலைகாவின் எடை இல்லாததால் விமானம் சீக்கிரமாகவே எழும்பியது. காற்றாலைகளுக்கு மேலே ஒரு சுற்று. தாமிரபரணி தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது. இன்னொரு சுற்றுப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அப்படி எனக்கு ஏதாவது ஒன்று வேண்டும் என்று தோன்றி வெகுகாலம் ஆகியிருந்தது. கேட்டேன். "சீக்கிரம் வாங்க, வெயில் ஏறுது" என்றாள் ரேடியோவில். போய்விட்டு வந்து இறங்கினேன்.

தனியாகப் பறந்து வருகிறவன் தலையில் தண்ணீர் ஊற்றுவது அங்கே வழக்கம். வாளி வாளியாக ஊற்றினார்கள். டீக்கடை மாணவர்கள் எல்லோரும் இருந்தார்கள். சுலைகா சொல்லியனுப்பி அத்தையும் வந்திருந்தார், தூக்கோடு. "சளி புடிக்கும், தலையத் துவட்டுங்க" என்று சேலைத் தலைப்பை நீட்டினார். தண்டபாணி லட்டு வாங்கி வைத்திருந்தார். மைக்கும் வைத்திருந்தார்.

"இது சாதாரண விசயமில்லீங்க" என்று தொடங்கினார். "கண்ணாடிக் கடை வெச்சிருந்த மனுசன், இன்னிக்குப் பைலட்டாகப் போறாரு. எதுக்கு? அந்தத் தங்கச்சி கண்ணை மூடறப்ப இவரு கையப் புடிச்சுக்கிட்டுக் கடைசியா என்ன சொல்லுச்சு தெரியுங்களா? 'நீங்க பறக்கோணும், அதை நான் மேல இருந்து பார்க்கோணும்'னு சொல்லுச்சுங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். அத்தையும் தட்டினார். நான் நனைந்த சட்டையோடு நின்றேன். அவரிடம் அப்படி யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நான் மறுக்கவில்லை.

சுலைகா காலி வாளியோடு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்படியா அண்ணே சொன்னா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல."

"பின்ன என்ன சொன்னா?"

ஆஸ்பத்திரி. மத்தியானம். காய்ச்சல் இறங்கிவிட்டது என்று டாக்டர் சொல்லிப் போயிருந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவள் கட்டில் ஜன்னலோரம். நான் இடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். வெளியே பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு தண்ணீர்த் தொட்டி, கொடியில் காயும் போர்வைகள், அதற்கு மேலே வானம். அவள் தலையணையில் தலையை அப்படியும் இப்படியும் திருப்பினாள். பிறகு சொன்னாள். நான் ஸ்டூலை நகர்த்திக்கொண்டேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

சுலைகாவிடம் அதை அப்படியே சொன்னேன்.

"ஜெபா, கொஞ்சம் தள்ளி உக்காரு. மறைக்குது."